உனக்குள் ஒரு மணி நேரம்

காலாபான், மிந்தோரோ தீவு
மே 22, 1998

அன்புள்ள லூர்தெஸுக்கு,

உன் புருஷன் நெஸ்டோர் எழுதுவது. நானும் பிள்ளைகள் மூவரும் நலம். மணிலா ஆஸ்பத்திரியில் உன்னை மாதா காக்கட்டும். என் கோழிக்கிறுக்கலைப் பார்த்துச் சிரிக்கலாம். ஈறில் ரத்தம் வராமல் சிரி.

இருமல் விடவில்லை. இருமுகிறவனை உன் அறைக்குள் விட மாட்டார்களாம். அதனால் உன் அண்ணன் அம்புரோசியோவிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

போன மாதம் நான் கொடுத்த பிளேட்லெட், ரத்தத்தை உறைய வைக்கிற அந்தச் சின்ன அணுக்கள், உனக்குள் ஒரு மணி நேரம்கூடத் தங்கவில்லை. காளை மாதிரி இருக்கேனே, என் ரத்தத்துக்கு என்ன குறை என்று டாக்டரம்மாவிடம் சண்டைக்குப் போனேன். குறை ஒண்ணுமில்லைங்க, உங்க பிள்ளைங்க மூணு பேரைச் சுமந்தாங்கல்ல, அப்பவே அவங்க உடம்பு உங்களை அடையாளம் பிடிச்சு வெச்சிருச்சு, உள்ள வந்தா விரட்டுது என்றார். இருபது வருஷமா அவ துடைப்பம் செஞ்ச வேலையை இப்ப ரத்தமும் கத்துக்கிச்சா என்றேன். அவர் சிரித்தார். நான் படிக்கட்டில் போய் உட்கார்ந்துகொண்டேன்.

கொடுத்தவர் ஆணா பெண்ணா, என்ன வயது, அது எத்தனை நாள் உயிரோடு இருந்தது என்று ஆராய்ச்சிக்கு எழுதி வைக்கிறார்கள். யாரோ ஒரு மாலுமியுடையது உனக்குள் ஒரு நாள் இருந்ததாம். பொறாமையாக இருந்தது. இப்போது வெளியாள் யாருடையதும் நிற்பதில்லை. பொருந்துவது உன் அண்ணனுடையது ஒன்றுதான்.

ஒன்றை மறைத்தேன். போன வாரம் பிளேட்லெட் பை வரத் தாமதம் என்று போனில் உன்னிடம் சொன்னது பொய். சான் இசித்ரோ திருவிழா வீட்டிலிருந்து வெறுங்கையோடு அனுப்பக்கூடாதென்று உன் அண்ணனுக்குப் பன்றி வறுவலைப் பொட்டலம் கட்டிக் கொடுத்தேன். கப்பலிலேயே தோல்கூட மிச்சமில்லாமல் தின்றுவிட்டு ரத்தம் கொடுக்கப் போய்ப் படுத்திருக்கிறான். பையில் தேங்காய்ப்பால் மாதிரி கொழுப்பு. கொட்டிவிட்டார்கள். அந்த மூன்று நாளும் உனக்கு மூக்கில் ரத்தம் நிற்கவில்லை என்று நர்ஸ் சொன்னாள். கட்டிக் கொடுத்த கை என்னுடையது, லூர்தெஸ்.

இந்த முறை இரண்டு நாளாக அவனை நம் வீட்டிலேயே வைத்து அரிசிக் கஞ்சியும் அவித்த மீனும் போடுகிறேன். மச்சான், உங்க வீட்டுக்கு ஜெயிலே தேவலாம் என்கிறான். பேசாம குடிடா, உன் தங்கச்சி உயிர் உன் வயித்துல இருக்கு என்றேன். குடித்துவிட்டு இன்னொரு கிண்ணம் கேட்டான்.

அவனுடையது நான்கு நாள் நிற்கலாமாம். உன் உடம்புக்கு என்னைத் தெரியும். நான் கெஞ்சிக் கேட்டதாக அதனிடம் சொல், அண்ணனை உள்ளே விடட்டும். பிறகு நீ எழுந்து வா. வந்து என்னை விரட்டு.

மாதா துணை.

உன்,
நெஸ்டோர்