உன் முனைக்கு ஒரு வண்டி

கயாக் படகின் முன்கைப்பிடியில் நீ சுற்றிவைத்த சுங்குடித் துணி இன்னும் அவிழவில்லை. என் கார் ஷெட்டில் தூசி தட்டும்போது அதை முகர்ந்து பார்த்தேன். போனவர்களின் துணியில் அவர்கள் வாசனை தங்கியிருக்கும் என்று எல்லாரும் எழுதுகிறார்கள். உன் துணியில் பாசி நாற்றம்தான் இருந்தது. மடிப்புக்குள் கொஞ்சம் சேறு காய்ந்திருந்தது. பிளாஸ்டிக் விளிம்பு உள்ளங்கையை அறுக்கிறது என்று நல்ல சேலை ஒன்றைக் கிழித்து நீ சுற்றினாய். என் பக்கத்துக் கைப்பிடிக்கும் சுற்றித் தருகிறேன் என்றாய். வேண்டாம் என்றேன்.

"ஆமா, மதருக்கு இரும்புக் கை" என்றாய்.

கான்வென்ட் பள்ளிக்கூடத்தில் நீ எனக்கு வைத்த பெயர் அது. தலையணை உறையில் சுருக்கம் இருந்தால் நான் தூங்க மாட்டேன் என்பதற்காக விடுதி முழுவதும் என்னை மதர் சுப்பீரியர் ஆக்கினாய். எழுபது தாண்டியும் அந்தப் பெயரை நீ விடவில்லை. இப்போது அந்தப் பெயரால் கூப்பிட யாரும் இல்லை என்பதை, பால்காரர் "அம்மா" என்று கூப்பிடும்போதெல்லாம் நினைத்துக்கொள்கிறேன்.

நீ இறந்துபோன ஆனி மாதத்தில் கண்மாய்க்குள் ஆடு மேய்ந்துகொண்டிருந்தது. இப்போது கார்த்திகை. கண்மாய் நிறைந்து கலுங்கு வழிந்து தண்ணீர் ஓடும் சத்தம் என் சமையலறை வரை கேட்கிறது. வழக்கமாக இந்த நாட்களில் நாம் தண்ணீரில் இருப்போம். வீட்டிலிருந்து மண்பாதை வழியாக நடந்து, கரை ஏறி, மறுபக்கம் இறங்கி, நீ முன்னால் ஒரு கையால், நான் பின்னால் ஒரு கையால் படகைத் தூக்கிப் போவோம். இந்த வருடம் படகு ஷெட்டில் கிடந்தது. அதன் முன்முனையைப் பிடிக்க ஆள் இல்லை. வேறொன்றும் இல்லை, இவ்வளவுதான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

உன் மகன் சிங்கப்பூரிலிருந்து பேசினான். வாராவாரம் பேசுகிறான், குறை சொல்ல முடியாது.

"பெரியம்மா, ஒத்தையில அந்தப் படகை வச்சுக்கிட்டு என்ன பண்ணுவீக?"

"என்ன பண்ணுவேன்னு பாத்துட்டுச் சொல்றேன்."

"திருப்பத்தூர்ப் பக்கம் ரிசார்ட் வச்சிருக்கவரு ஒருத்தர் கேக்குறாரு. பொங்கலுக்கு நான் வரும்போது வண்டியில ஏத்தி விட்டுருவோமே. சும்மாதானே கெடக்கு?"

"சும்மா இல்லப்பா. காத்துக்கிட்டுக் கெடக்கு."

அவன் கொஞ்சம் இறங்கிவந்தான். "ரெண்டு ஆள வச்சுத் தூக்கச் சொல்லுங்க, பெரியம்மா" என்றான்.

"பொங்கலுக்குள்ள நானே ஒத்தையில தண்ணியில எறக்கிட்டா?"

"எறக்கிட்டீகன்னா அது உங்களுதுதான். அப்புறம் நான் வாயே தொறக்கல."

ஆள் வைத்துக்கொள்ளலாம்தான். ஆனால் ஒவ்வொரு காலையும் ஒருவரைக் கூப்பிட்டு, அவர் வரும்வரை வாசலில் நின்று, தூக்கிவிட்டதற்கு நன்றி சொல்லி, திரும்பித் தூக்க மறுபடி கூப்பிட்டு... கண்மாய்க்குப் போவதும் ஆஸ்பத்திரிக்குப் போவதும் ஒன்றாகிவிடும். எனக்கு அதற்குத் தெம்பில்லை. தூக்குவதற்குக் கூட இருக்கிறது, கேட்பதற்கு இல்லை.

மலை மேல் இருந்த அந்தக் கான்வென்டில் ஞாயிற்றுக்கிழமை தோறும் ஏரியைச் சுற்றி நம்மை நடத்திக்கொண்டு போவார்கள். ஏரி நிறையப் படகுகள். குடும்பம் குடும்பமாய் ஏறுவார்கள். நமக்கு அனுமதி இல்லை. வரிசை கலையக் கூடாது, தலை திருப்பக் கூடாது. எனக்கு வரிசை பிடிக்கும். நீதான் ஒவ்வொரு வாரமும் தலையைத் திருப்பி, ஒவ்வொரு வாரமும் முட்டி போட்டாய். நம் இருவர் வீட்டுக்காரர்களும் போய்ச் சேர்ந்து, பக்கத்துப் பக்கத்துத் தெருவில் நாம் இரண்டு கிழவிகளாக மிஞ்சியபோது, சிங்கப்பூரிலிருந்து வரும்போது என்ன வேண்டும் என்று கேட்ட உன் மகனிடம் நீ படகு என்றாய். அவன் போன் இரைச்சலில் 'பட்டு' என்று கேட்டுக்கொண்டு என்ன நிறம் என்றான். மஞ்சள் என்றாய். கடைசியில் மஞ்சள் நிறத்தில் படகேதான் வந்தது, இரண்டு பேர் உட்காரும் கயாக். கனமே இல்லாத ரகம் என்றான். பிள்ளைகளுக்கு எது கனம் என்பது அவர்கள் வயதில் தெரிவதில்லை.

அது வந்த அன்று நீ எலுமிச்சம்பழம் எடுத்து வந்தாய். புது வண்டி என்றால் சக்கரத்தில் பழம் வைத்து ஏற்றாமல் எடுக்கக் கூடாது என்றாய்.

"இதுக்குச் சக்கரம் எங்கடி இருக்கு?"

"அடியில வையி. ரெண்டு பேரும் ஏறி உக்காருவோம். நம்ம கனத்துக்கு மலையே நசுங்கும்."

ஷெட்டின் சிமெண்டுத் தரையில், பட்டப்பகலில், நாம் இருவரும் படகுக்குள் ஏறி உட்கார்ந்தோம். பழம் நசுங்கவில்லை. வழுக்கிக்கொண்டு வெளியே வந்து வாசலுக்கு ஓடியது. எதிர் வீட்டிலிருந்து, "என்னத்தா, தண்ணியில்லாமயே கெளம்பிட்டீக?" என்று குரல் வந்தது. நான் வெட்கத்தில் குனிந்துகொண்டேன். நீ ஓடிப்போய்ப் பழத்தைப் பொறுக்கி வந்து, நாலு கல் உப்புப் போட்டு எனக்கே சர்பத் கலந்து கொடுத்தாய்.

படகை உருட்டிப் போக ஒரு சின்னச் சக்கர வண்டி வாங்கலாம் என்று அப்போதே நான் சொன்னேன். படங்களெல்லாம் பார்த்து வைத்திருந்தேன். நீதான் கேட்கவில்லை. "வண்டியில வச்சு உருட்டுனா வெரசாப் போயிருவோம்டி. தூக்குனாத்தான் நாலு எடத்துல எறக்கி வச்சுப் பேசலாம்" என்றாய். வழி முழுக்கப் பேசினாய். தண்ணீரிலும் பேசினாய். உன் பேச்சில் நீர்க்காகங்கள் பறந்து போகும். குன்றக்குடி மலை தண்ணீரில் தெரிகிற இடத்துக்கு வந்தால் மட்டும் துடுப்பை மடியில் வைத்துச் சும்மா இருப்பாய்.

மதகை ஒட்டிய மடைக்கல் அருகே வந்தவுடன் தவறாமல் கேட்பாய்: "எனக்குக் கை வலிக்குது. கை மாத்துவமா?" படகை இறக்கி வைத்து, பக்கம் மாறி நின்று, மறு கையால் தூக்குவோம். "நீ யாருகிட்டயும் கைமாத்துக் கேக்க மாட்ட. நான் கேக்குறேன், நீ குடு" என்று ஒருநாள் சொன்னாய். காசு கைமாற்று கேட்பதைப்போல் அதைச் சொல்லிச் சிரித்தாய். என் விரல்கள் மரத்துப்போகும் அதே நொடியில் உனக்குக் கை வலிப்பது எப்படி என்று நான் யோசிக்காமல் இல்லை. என் முகம் உனக்குப் பின்னால் இருந்தது. மூச்சை வைத்துக் கண்டுபிடித்திருப்பாய்.

சரி, வண்டிக்கு வருகிறேன்.

உன் மகன் காருக்குப் பின்னால் மாட்டும் ட்ரெய்லர் வாங்கித் தருகிறேன் என்றான். கரையில் கார் ஏறாது என்று சொல்லி அதை முடித்தேன். நானே தேடி ஒன்றை வரவழைத்தேன். படகின் வயிற்றுக்கு நடுவில் வைத்து வாரால் கட்டுவது. பெரிய பெரிய காற்றுச் சக்கரங்கள். வீடியோவில் கடற்கரை மணலில் அன்னம் போலப் போயிற்று. அந்த வீடியோ எடுத்தவர்கள் நம் பாதையின் கருவேல முள்ளைப் பார்த்ததில்லை. நானோ தினமும் பார்த்தும் வாங்கினேன். மண்பாதை முடிவதற்குள் இரண்டு சக்கரமும் உட்கார்ந்துவிட்டன.

சைக்கிள் கடைக்காரர் தண்ணீர்த் தொட்டியில் ட்யூபை அமுக்கிப் பார்த்துச் சிரித்தார்.

"ஏம்மா, கம்மாய்க்கரைக்குக் காத்தடிச்ச டயரா? முள்ளு சும்மா விடுமா?"

"விடாததுனாலதான் உங்ககிட்ட வந்திருக்கேன்."

"நான் ஒட்டுனாலும் நாளைக்கும் வருவீக. பேசாம டிராக்டர்ல வச்சுக் கொண்டு போங்க."

"டிராக்டர் ஏறினா கரை தாங்குமா?"

"கரை போனாத்தான் என்னம்மா, தண்ணி உங்க வீட்டுக்கே வந்துரும். வாசல்லயே ஓட்டலாம்."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நீ சிரிக்கிறாயா என்று பார்க்கத் திரும்பினேன். பஞ்சர் ஒட்டக் காத்திருந்த ஒருவர், தன்னைத்தான் பார்க்கிறேன் என்று எழுந்து எனக்கு ஸ்டூலைக் கொடுத்தார்.

அடுத்தது காற்றே இல்லாத கெட்டிச் சக்கரம். முள் குத்தாது. அதுவும் நடுவில் கட்டுவதுதான். கனம் முழுவதும் வண்டியின்மேல் இருக்கும், கைக்கு ஒன்றும் வராது, வயதானவர்களுக்கு ஏற்றது என்று எழுதியிருந்தது. சமதளத்தில் அப்படியே போயிற்று. கரை ஏறும்போது வாருக்குள் படகு வழுக்கிப் பின்னுக்குப் போனது. இறங்கும்போது முன்னுக்கு வந்து என் குதிகாலில் இடித்தது. நடுவில் ஊசலாடும் சாமானை ஒற்றை ஆள் எந்த முனையில் பிடிப்பது? அதோடு அந்த வண்டியே இரும்பு. கரையில் விட்டுப் போனால் பழைய இரும்புக்கு எடுத்துப் போவார்கள், படகில் ஏற்ற என்னால் முடியாது.

அன்று கரைமேல் உட்கார்ந்துவிட்டேன். எதிரே கண்மாய் நிறையத் தண்ணீர். இறங்கிப் போய்க் காலைக்கூட நனைக்கவில்லை. ரிசார்ட்டில் யாராவது குழந்தைகள் ஏறுவார்கள், நல்லதுதானே என்று நினைத்தேன். அசதி என்பது உடம்பில் வருவதல்ல என்று அப்போது தெரிந்தது. உடம்பு எழுந்து படகைத் திருப்பி வீடு கொண்டுவந்து சேர்த்துவிட்டது. எனக்குத்தான் எழுந்த நினைவே இல்லை.

மூன்றாவதாக நான் பார்த்து வைத்தது மிகச் சிறியது. அலுமினியம். ஒரு கையால் தூக்கிவிடலாம். அகலமான கெட்டிச் சக்கரம் இரண்டு. படகின் ஒரு முனையில் மட்டும் மாட்டுவது, மறுமுனையை நாம் பிடித்து இழுக்க வேண்டும். முனையில் இறுக்கி மாட்டுவதால் மேட்டிலும் பள்ளத்திலும் வழுக்காது. போனில் உன் மகனுக்குப் படத்தைக் காட்டினேன். அவன் என்னைவிடக் கவனமாகப் பார்த்தான்.

"பெரியம்மா, இதுல பாதி கனம் உங்க கையிலயேதான இருக்கும்?"

"ஆமா. அது என் பாதி."

அவன் படத்தை மறுபடி பார்த்தான். "அப்ப அந்தச் சக்கரம் அம்மாவுக்கா?" என்றான். உன் மகன் அல்லவா. நான் தண்ணீர் குடிக்கப் போவதாகச் சொல்லிப் போனை வைத்தேன்.

வண்டி வந்து சேர்ந்ததும் உன் துணி சுற்றிய முனையில் அதை மாட்டினேன். துணியை அவிழ்க்கவில்லை, அதன்மேலேயே வார் உட்கார்ந்துகொண்டது. சக்கரத்துக்கு ஒன்றாக எலுமிச்சம்பழமும் வைத்தேன், நீ விடமாட்டாய் என்று. ஒன்று நசுங்கியது. மற்றொன்று இந்த முறையும் வாசலுக்குத்தான் ஓடியது. படகின் பின்முனையைப் பிடித்து நான் முன்னால் நடந்தேன். எதிர் வீட்டில், "என்னத்தா, தோணி பின்பக்கமாப் போகுது?" என்று கேட்டார்கள். "ஆளு மாறிருச்சு" என்றேன். கெட்டிச் சக்கரம் சரளைக்கல்லில் கடகடவென்று ஒரு நொடியும் ஓயாமல் பேசிக்கொண்டே வந்தது. நான் திரும்பிப் பார்க்கவில்லை. திரும்பாமல் நடக்கத்தான் என்னைப் பழக்கியிருக்கிறார்களே.

கரை ஏறினேன். இறங்கினேன். தண்ணீரில் விட்டேன். வண்டியைக் கழற்றி உன் இருக்கையில் வைத்துக் கட்டினேன். உன் கனத்துக்கு அது எங்கே ஈடாகும்? படகின் முன்பக்கம் தூக்கிக்கொண்டு, காற்று திருப்பிய பக்கமெல்லாம் போயிற்று. மலை தெரிகிற இடம் வரை போக முடியவில்லை. பாதியில் துடுப்பை மடியில் வைத்து, பிறகு திரும்பினேன்.

கரையில் வண்டியை மறுபடி மாட்டி வீட்டுக்கு இழுத்து வரும்போதுதான் கை போயிற்று. மடைக்கல் வந்தது. விரல்கள் மரத்துவிட்டன. ஒரு நாரை மட்டும் மதகுச் சுவரில் நின்றது. படகை இறக்கி வைத்தேன். யாரும் ஒன்றும் கேட்கவில்லை.  பிறகு வாய்விட்டு, "எனக்குக் கை வலிக்குது. கை மாத்துவமா?" என்றேன்.

சொன்ன பிறகு பக்கம் மாறி நின்று, இடது கையால் பிடித்துத் தூக்கினேன். பாதி கனம்தான். என்றாலும் வீட்டுக்கு வருவதற்குள் இன்னும் இரண்டு இடத்தில் இறக்கி வைக்க வேண்டியிருந்தது. இரண்டு இடத்திலும் நானே கேட்டேன்.