வாயாடி என்று பெயர் வாங்கிய ஆட்டம்

அண்ணே,

எதிர் வீட்டுப் பெண் காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு கணினியில் விளையாடுகிறாள். இன்று காலை தெருவுக்கே கேட்கும்படி, “யக்கா, பின்னாடி வர்றான் பாரு! நான் பாத்துக்கறேன், நீ ஓடு!” என்று கத்தினாள். அவள் அம்மா என்னிடம் வந்து, “விளையாடறதுன்னா விளையாட வேண்டியதுதானே டீச்சர், முகம் தெரியாதவங்களோட பேச்சு எதுக்கு?” என்று குறைபட்டுக்கொண்டார். அந்தப் பேச்சு எதற்கு என்று சொல்ல உங்களைவிட நல்ல உதாரணம் என்னிடம் இல்லை. அதனால்தான் இந்த மடல்.

நமக்கு அடுத்தடுத்த குவார்ட்டர்ஸ். நீங்கள் சுரங்கத்தில் மண் அள்ளும் பெரிய மெஷினை ஓட்டியவர். நான் கணக்கு டீச்சர். சாயங்காலம் நம் குடியிருப்பு பிளாக்கின் மன்றத்தில் சதுரங்கப் பலகையை விரித்தால் உங்கள் குரல்தான் முதலில் கேட்கும். “என்னா டீச்சரம்மா, குதிர தனியா மேய்ஞ்சிகினு இருக்குது, புடிச்சிக் கட்டுங்க!” என்பீர்கள். நான் கட்டுவதற்குள் அது உங்கள் கையில் இருக்கும்.

பிறகு தொண்டையில் அறுவை சிகிச்சை. உயிர் பிழைத்தீர்கள், குரல் போய்விட்டது. சிலேட்டோடு மன்றத்துக்கு வந்தீர்கள். ஒரு கேலியை நீங்கள் எழுதி முடிப்பதற்குள் சிரிக்க வேண்டிய நேரம் கடந்துவிடும். அதைக்கூடத் தாங்கிக்கொண்டீர்கள். ஆனால் நாங்கள் எல்லோரும் திடீரென்று நல்லவர்களாகிவிட்டோமே, அதைத்தான் உங்களால் பொறுக்க முடியவில்லை. வேண்டுமென்றே தோற்றோம், நான் உட்பட. மூன்றாம் நாள், “பாவம் பாத்து தோக்கறீங்க” என்று எழுதிக் காட்டிவிட்டு எழுந்து போனீர்கள். அப்புறம் மாதக்கணக்கில் கதவு சாத்தியே இருந்தது. “யார் மூஞ்சியும் பாக்க மாட்டேங்கறாரு டீச்சர்” என்று உங்கள் மனைவி கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

அந்தச் சமயத்தில்தான் மார்க்கெட்டில் பிரவுசிங் சென்டர் திறந்தார்கள். இணையத்தில் ஒரு சதுரங்கத் தளம். குழுவாகச் சேர்ந்து ஆடலாம். நாளுக்கு ஒரே ஒரு நகர்த்தல். பலகைக்குப் பக்கத்தில் குழுவுக்குள் எழுதிப் பேச ஒரு கட்டம், எதிரணியோடு பேச இன்னொரு கட்டம். எதை நகர்த்துவது என்று கடைசியில் அன்று வந்திருப்பவர்களின் வாக்கெடுப்பு. மன்றத்து ஆட்கள் ஐந்து பேரும் நானும் சேர்ந்திருந்தோம். ஏழாவதாக உங்களை இழுத்துப் போய் உட்கார வைத்தேன். அங்கே எல்லோருக்கும் விரல்தான் வாய். ஆங்கில எழுத்தில் தமிழைத் தட்டத் தட்ட, உங்கள் முகம் மாறுவதைப் பார்த்தேன்.

முதல் ஆட்டத்தில் தோற்றோம். தோற்றது எப்படி என்று நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது. காலை ஷிஃப்ட் முடித்து வந்தவர்கள் ஒரு பக்கம் சிப்பாயைத் தள்ளுவார்கள். மறுநாள் இன்னொரு ஷிஃப்ட்காரர்கள் காரணம் தெரியாமல் வேறு பக்கம் படையெடுப்பார்கள். நீங்கள் எழுதினீர்கள்: “ஷிஃப்ட் மாறுறப்ப மெஷின எப்டி ஒப்படைப்போம்? எது ஓடுது, எது மக்கர் பண்ணுதுன்னு எழுதி வெச்சிட்டுத்தானே வூட்டுக்குப் போவோம்? ஆட்டத்தையும் அப்டி ஒப்படைங்கய்யா.” அன்று முதல் ஒவ்வொருவரும் குறிப்பு எழுதிவிட்டுத்தான் எழுந்தோம். ‘இடது ஓரம் பலவீனம். யானைக்குக் காவல் இல்லை. அடுத்து வருபவர் கவனிக்கவும்.’ ஏழு தலைகள் ஒரே மூளையாயின.

இரண்டாவது ஆட்டம் ஒரு துறைமுக ஊர் வங்கி ஊழியர்களோடு. எதிரணிக் கட்டத்தில் நீங்கள் வெளுத்து வாங்கினீர்கள். “சார், உங்க ராஜா லீவ் லெட்டர் குடுத்துட்டாரா? மூலைல போய் ஒக்காந்துகினு இருக்காரு!” அவர்களும் விடவில்லை. “உங்க சுரங்கத்துல ராணிய தொலைச்சிட்டீங்களாமே, தோண்டிப் பாருங்க!” என்றார்கள். ஒரு நாளைக்கு ஒரு காய்தான் நகரும். பேச்சோ நாள் முழுக்க நகர்ந்தது.

முப்பதாவது நகர்த்தல் வந்தது. யானையைப் பலி கொடுக்கச் சொன்னீர்கள். நான் எதிர்த்தேன். “அண்ணே, இது தற்கொலை” என்று எழுதினேன். இம்முறை நான் இரக்கமே பார்க்கவில்லை. “கணக்கு டீச்சருக்குக் கழித்தல்னா பயமா?” என்று திருப்பி அடித்தீர்கள். சாயங்காலம் வரை சண்டை போட்டோம். நான்குக்கு மூன்று என்று உங்கள் யோசனை வென்றது. அந்த மூன்றில் என் வாக்கும் ஒன்று. யாரும் உங்களுக்காக விட்டுக்கொடுக்கவில்லை, அண்ணே. வாதாடி ஜெயித்தீர்கள்.

ஆறு நாளில் அவர்கள் ராஜாவுக்கு எல்லா வழியும் அடைபட்டது, ஜெயித்தோம். வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த வேற்றூர்க்காரர்களெல்லாம் கைதட்டல் படங்களாக அனுப்பிக் குவித்தார்கள். வங்கிக்காரர் ஒருவர் எழுதினார்: “எல்லாம் சரி, உங்க டீம்ல அந்த வாயாடி யாருங்க? அவர் வாய மூடினாத்தான் எங்களால யோசிக்க முடியும்!”

நீங்கள் அதை மூன்று முறை படித்தீர்கள். பிறகு சிரித்தீர்கள். சத்தமே இல்லை. நாற்காலி மட்டும் குலுங்கியது. சென்டரில் இருந்தவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

மறுநாள் சாயங்காலம் மன்றத்துக்கு வந்தீர்கள். சட்டைப் பையில் ஒரு கட்டு அட்டைகள், ஒவ்வொன்றிலும் முன்கூட்டியே எழுதிய ஒரு கேலி. நான் ஒரு காயைத் தொட்ட கணமே உங்கள் கை அட்டையை உயர்த்தும். ‘அய்யோ, அதுவா?’ அடுத்ததற்கு, ‘தண்ணி குடிச்சிட்டு யோசிங்க.’ கூடியிருந்தவர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். நான் முழு மூச்சோடு ஆடினேன், தெரிந்த வித்தையெல்லாம் காட்டினேன். நாற்பது நிமிடத்தில் தோற்றேன்.

மெய்யான தோல்வி, அண்ணே. அன்று மன்றத்திலிருந்து வீடு வரை நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நடந்தேன். இத்தனை வருடமாக அந்தத் தோல்வியை எல்லோரிடமும் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.