அப்பா துவைத்துக் கொடுத்த வலைத்துணி

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. நீ அங்கே சுகமாகத்தான் இருப்பாய், மலைக்காற்று, நல்ல தண்ணீர், ஏசுவதற்கு ஆளில்லை, சுகத்துக்கு என்ன குறைச்சல். இங்கே நான் நன்றாக இருக்கிறேன். உன் அப்பாவும் நன்றாக இருக்கிறார் என்று எழுதினால் பொய்யாகிவிடும், அதைப் பிறகு சொல்கிறேன். இதையெல்லாம் போனில் சொல்லக்கூடாதா என்று கேட்பாய். போனில் பேசினால் பாதியிலேயே வைத்துவிடுகிறாய், கடிதத்தை அப்படி வைக்க முடியாது, கிழித்துப் போடுவதென்றாலும் ஒரு தடவை படித்துவிட்டுத்தான் கிழிப்பாய்.

நம் பூச்சிமருந்துக் கடை நன்றாக ஓடுகிறது. வெயில் ஏறினால் கரையானும் மூட்டைப்பூச்சியும்தானே நமக்குப் படியளக்கின்றன, போன் ஓய்வதே இல்லை, நான் எடுத்துப் பேசி நேரம் சொல்ல, உன் அப்பா தோளில் மருந்து டாங்கியை மாட்டிக்கொண்டு வீடு வீடாகப் போய் மருந்து அடித்துவிட்டு வருகிறார். அந்தக் காசில் படித்துவிட்டுத்தான் நீ புழுவுக்கு இலை கிள்ளிப் போட மலையேறியிருக்கிறாய், அதை நான் குத்திக் காட்டவில்லை, சும்மா சொல்கிறேன். பூச்சிப் படிப்புப் படித்த ஒருத்தர் கடையில் இருந்தால் பெரிய ஹோட்டல், ஆஸ்பத்திரி வேலையெல்லாம் நம்மைத் தேடி வரும் என்றுதான் உன்னை அந்தப் படிப்பில் சேர்த்தோம். நீயும் சரி சரி என்று தலையாட்டிவிட்டு, கோடை விடுமுறை மட்டும்தானே என்று போனவள், இப்போது ஆராய்ச்சிக்கு அங்கேயே இருந்துவிடட்டுமா என்று கேட்கிறாய். சித்தி வந்திருந்தாள், உன் மகள் அங்கே என்ன வேலை பார்க்கிறாள் என்று கேட்டாள், மலையில் எந்த உயரத்தில் எத்தனை பட்டாம்பூச்சி பிழைக்கிறது என்று பார்க்கிறாள் என்றேன், அதுக்குச் சம்பளம் உண்டா என்றாள், நான் அவளுக்கு இன்னொரு டம்ளர் தண்ணீர் கொடுத்தேன். உன் அறையில் மருந்து டின்களை அடுக்கிவிட்டேன். கட்டிலை மடக்கி வைத்தாயிற்று. சுவரில் நீ ஒட்டியிருந்த பட்டாம்பூச்சிப் படத்தைக் கிழிக்கவில்லை, ஆனால் டின் அடுக்கு ஏறிக்கொண்டே போகிறது, இப்போது மேல் வரிசைப் பூச்சிகள் மட்டும்தான் தெரிகின்றன.

சரி, நீ போன் செய்து அழுத விஷயத்துக்கு வருகிறேன். காலேஜில் தைத்த வலைத்துணிக் கூண்டு பரணில் இருக்கிறது, பார்சலில் அனுப்புங்கள் என்றாய், அனுப்பினோம். மலைச்சரிவில் தேடித் தேடிப் பொறுக்கிய முட்டையெல்லாம் பொரிந்து புழுவாகி, அதற்குள் விட்டாய். மறுநாள் காலையில் ஒன்று விடாமல் இலையிலிருந்து உதிர்ந்து, பச்சையாகக் கக்கி, நடுங்கி நடுங்கிக் காய்ந்து கிடந்தன என்றாய். கேட்க எனக்கும் பாவமாகத்தான் இருந்தது, நம்பினால் நம்பு. இரண்டாம் தடவை பொறுக்கிய முட்டைகள் இப்போதுதான் பொரிகின்றன, இதுவும் செத்தால் உன் இடத்தை வேறு ஒருத்திக்குக் கொடுத்துவிடுவேன், மூட்டையைக் கட்டு என்று உன் பேராசிரியர் சொல்லிவிட்டார் என்றாய். அதோடு நிறுத்தியிருந்தால் நானும் ஆறுதலாக நாலு வார்த்தை பேசியிருப்பேன். "இது மருந்து பட்ட சாவு. இந்த வீட்ல பொறந்த எனக்குத் தெரியாதா? நீதாம்மா பண்ணியிருக்க, நான் திரும்பி வரணும்னு பண்ணியிருக்க. அப்பா இப்படிப் பண்ணவே மாட்டார். யார்னு எனக்குத் தெரிஞ்சாகணும்" என்று கத்திவிட்டு வைத்துவிட்டாய். நான் பண்ணியிருந்தால் மறுநாள் காலை வரைக்கும் தாங்குமா? இலையில் ஏறுவதற்குள் விழுந்திருக்கும். தொழிலில் எனக்கு அவ்வளவு கெட்ட பெயர் இல்லை.

யார் என்று தெரிந்தாக வேண்டும் என்றாயே, அதனால் உட்கார்ந்து யோசித்தேன், யோசிக்க அதிக நேரம் ஆகவில்லை. பரணிலிருந்து எடுத்தபோது கூண்டுத்துணி ஒரே தூசி. பிள்ளைக்கு இப்படியா அனுப்புவது என்று உன் அப்பாதான் அதைத் தூக்கிக்கொண்டு பின்பக்கம் போனார். சோப்புப் போட்டுக் கும்மி, மூன்று தண்ணீரில் அலசி, நிழலில் காயவைத்து, மடிப்புக் கலையாமல் மடித்து வைத்தார். எந்தத் தொட்டியில் அலசினார் தெரியுமா, டாங்கி கழுவுகிற தொட்டியில். வேலைக்குப் போட்டுக்கொண்டு போகிற சட்டையும் கையுறையும் ஊறுகிற அதே தொட்டிதான். வேறு யாராவது இருந்தால் அந்த நாற்றத்திலேயே விலகிப் போயிருப்பார்கள். இந்த வீட்டில்தான் எவருக்கும் மருந்து வாடை தெரிவதில்லையே, மூக்கு மரத்துப்போய் எத்தனையோ வருஷம் ஆகிறது. துணியை முகர்ந்து பார்த்துவிட்டு, சோப்பு வாசனை கமகமன்னு இருக்கு, பிள்ளை சந்தோஷப்படும் என்றார். நானும் முகர்ந்தேன், சோப்புதான்.

இதை அவரிடம் சொல்லாமல் இருந்திருக்கலாம். உனக்கு மட்டும் எழுதிவிட்டு விட்டிருக்கலாம். ஆனால் தினமும் கடை மூடியதும், பட்டாம்பூச்சி வெளியே வந்துடுச்சாமா, என்ன கலராம் என்று என்னிடம் கேட்டுக்கொண்டே இருந்தார், எனக்கு எரிச்சலாக வந்தது. பழி ஏச்செல்லாம் எனக்கு, கொஞ்சலெல்லாம் அவருக்கு, இது என்ன நியாயம். சாப்பிட உட்கார்ந்தபோது சொன்னேன், "எல்லாம் செத்துப்போச்சு, நீங்க துவைச்சுக் கொடுத்தீங்களே, அதுலதான் செத்துச்சு" என்று. தட்டைப் பாதியிலேயே தள்ளி வைத்தார். பிறகு எழுந்து போய்க் கையைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினார், அதே தொட்டியில்தான். அப்பாவுக்குத் தெரிந்தால் அழுதுவிடுவார் என்று நீ முன்பு எதற்கோ சொல்வாய், சரியாகத்தான் சொல்லியிருக்கிறாய், அழுதார்.

அழுது முடித்ததும் ஒரு காரியம் செய்தார். கடைத்தெருவுக்குப் போய் நல்ல வலைத்துணியாகப் பார்த்து வாங்கி, தையல்காரரிடம் பக்கத்தில் நின்று, உன் பழைய கூண்டின் அளவை நினைவிலிருந்தே சொல்லி, புதுக் கூண்டு தைத்துவிட்டார். இந்தத் தடவை துவைக்கவே இல்லை, பிரித்துக்கூடப் பார்க்கவில்லை. அடுத்த வாரம் ஒரு சின்ன ஹோட்டல் வேலையை முடித்த கையோடு பஸ் ஏறி அங்கே வந்து, உன் பேராசிரியரிடம் தப்பு தன் மேல்தான், பிள்ளையை அனுப்பிவிடாதீர்கள் என்று கேட்கப் போகிறாராம். உன்னிடம் சொல்லக்கூடாது என்று என்னிடம் சத்தியம் வாங்கியிருக்கிறார், அதனால்தான் சொல்லாமல் எழுதுகிறேன். புதுக் கூண்டைப் பத்திரமாக இருக்கட்டும் என்று, வேலைக்கு எடுத்துப் போகிற வேனில் வைத்திருக்கிறார். வேனில் எங்கே என்றால், டாங்கி வைக்கிற பலகைக்குக் கீழே. டாங்கியின் குழாய் கொஞ்ச நாளாக ஒழுகுகிறது. நான் பார்த்தேன். ஒன்றும் சொல்லவில்லை.

ஏன் சொல்லவில்லை என்று கேட்பாய். சொன்னால் வேறு துணி வாங்குவார், உன் புழுக்கள் பிழைக்கும், நீ அங்கேயே தங்கிவிடுவாய், நானும் அவரும் மருந்து டின்களும் இங்கே மிச்சம். நீ இல்லாத வீடு எனக்குப் பிடிக்கவில்லை, அதை இதைவிட நல்லவிதமாகச் சொல்ல எனக்குத் தெரியவில்லை. உனக்கு எழுதிவிட்டேன் அல்லவா, அது போதும். இப்போது உனக்குத் தெரியும், அவருக்குத் தெரியாது. அவர் வந்து இறங்கி, அந்தக் கூண்டை உன் கையில் கொடுத்துவிட்டு உன் முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்பார். வாங்கி மாட்டினால் படிப்பு போயிற்று. வேண்டாம் என்றால் அதை அவரிடம் நீதான் சொல்ல வேண்டும், நான் ஒரு தடவை சொல்லிவிட்டேன், என்னால் ஆனது அவ்வளவுதான்.

உடம்பைப் பார்த்துக்கொள். பாறையில் பார்த்து ஏறு. தலைக்குக் குளித்தால் ஈரத்தோடு படுக்காதே. எந்தக் குறையும் இல்லாமல் நீ நீண்ட நாள் நன்றாக இருக்க வேண்டும், அம்மாவுக்கு வேறு என்ன ஆசை. ஒன்று மட்டும் ஞாபகம் வைத்துக்கொள், அவர் வேலைச் சட்டையோடுதான் பஸ் ஏறுவார், மாற்றுச் சட்டை எடுத்து வைக்க அவருக்குத் தோன்றாது, நானும் வைக்கப் போவதில்லை. அவர் பஸ்ஸிலிருந்து இறங்கியதும் சின்னப் பிள்ளை மாதிரி ஓடிப்போய்க் கட்டிக்கொள்ளாதே. கட்டிக்கொண்டால் அன்றைக்குப் புழுக்கள் பக்கம் போகாதே.

இப்படிக்கு,
உன் புழு ஒன்றைக்கூடத் தொடாத
அம்மா