அட்டைப்படத்தில் நீ கிடக்கிறாய்

கட்டைப் பிரித்ததும் நீதான் மேலே கிடந்தாய்.

சிவகாசியிலிருந்து வந்த பார்சல். லாரி ஆபீசில் ஏலக்காய் மூட்டைகளுக்கு நடுவே போட்டு வைத்திருந்தார்கள் போலிருக்கிறது. கயிற்றை அறுத்ததும் அச்சு மையின் வாசனையும் காயின் வாசனையும் ஒன்றாக எழுந்தன. கமிஷன் கடையில் இத்தனை வருடம் காய் முகர்ந்து முகர்ந்து என் மூக்குக்கு அந்த வாசனையே தெரியாமல் போயிருந்தது. நேற்றுக் காலை மட்டும் தெரிந்தது. ஒவ்வொரு பிரதியின் அட்டையிலும் நீ. பச்சைக் காய் பரப்பிய தரையில் மல்லாந்து, கண்ணை மூடி, ஒரு கை மார்பில் மடங்கிக் கிடக்கிறாய். தலைமாட்டில் தலையாரி மொக்கையனின் கால்களும் கம்பும். மேலே சிவப்பு எழுத்தில் 'மெட்டுப்பாதை மர்மங்கள்'. அதன் கீழே, முதல் கதையின் பெயர்: 'ஸ்டோரில் ஒரு பிணம்'.

ஒரு பிரதியை எடுத்து, ஓரம் நேராக வெட்டியிருக்கிறார்களா என்று பார்த்தேன். நிறம் கலங்கியிருக்கிறதா என்று பார்த்தேன். உன் கன்னத்தில் சிவப்பு கொஞ்சம் தூக்கலாக விழுந்திருக்கிறது, மாப்ளே. எனக்கு முதலில் தோன்றியது அதுதான். நீ போனதிலிருந்து இப்படித்தான் இருக்கிறேன். எதைப் பார்த்தாலும் முடிக்க வேண்டிய வேலையாகத்தான் தெரிகிறது.

இந்தத் தொடர் எப்படித் தொடங்கியது என்று சாயங்காலம் வெளியீட்டு விழாவில் பேசச் சொன்னார்கள். ஏதோ பேசினேன். உண்மையில் தொடங்கியது பஸ் ஸ்டாண்ட் டீக்கடையில், உன் கேள்வியில். சின்ன வயதில் நாம் வாடகைக்கு எடுத்துப் படித்த படக்கதைகளில் கொலையெல்லாம் பனி பெய்கிற வெளிநாட்டு ஊர்களிலேயே நடக்கும். நீ போடிமெட்டுப் பக்கம் கையைக் காட்டி, "நம்ம மலையிலயுந்தேன் பனி பெய்யுது. இங்க ஒருத்தன் சாகக் கூடாதா?" என்றாய். நான் சிரித்தேன். நீ சிரிக்கவில்லை. அந்த வாரமே ஒரு துப்பறிவாளனை வரைந்து கொண்டுவந்தாய். கோட்டு இல்லை, தொப்பி இல்லை. தலையில் துண்டு, கையில் கம்பு, இடுப்பில் வெற்றிலைப் பை.

கதை நடக்கிற காலம் நான் பிடித்தது. மலைக்கு ரோடு போடாத நாட்கள். காய் தலைச்சுமையாகவே மெட்டுப்பாதையில் இறங்கிவந்த நாட்கள். மலையில் காயை உலர்த்துகிற கட்டடத்தை அன்றும் இன்றும் ஸ்டோர் என்றுதானே சொல்கிறோம். அந்த ஸ்டோரின் கணக்குப்பிள்ளை ஒரு காலையில் செத்துக் கிடக்கிறார். கதவு உள்ளே பூட்டியிருக்கிறது. கீழேயிருந்து தலையாரி மொக்கையன் ஏறிவருகிறார். "மொக்கையன்னு பேரு வச்சா புத்தகத்தையே மொக்கைனு சொல்லிருவாங்க சார்" என்று மதுரைப் பதிப்பாளர் போனில் கெஞ்சினார். நீ போனை வாங்கி, "எங்க ஊர்ல வீட்டுக்கு ஒரு மொக்கையன் இருக்கான். அம்புட்டுப் பேரும் வாங்குவான்" என்று சொல்லி வைத்துவிட்டாய்.

முகங்கள்தான் உன் பிடிவாதம். கற்பனை முகம் ஒன்றுகூட வேண்டாம், எல்லாம் ஊர்க்காரன் முகமாக இருக்க வேண்டும், அதுவும் அவனிடம் கேட்டுவிட்டுத்தான் வரைவேன் என்றாய். உன் ப்ளெக்ஸ் கடைக்குப் பேனர் அடிக்க வருகிறவர்களை எல்லாம் அந்தக் கண்ணோடுதான் பார்த்தாய். ஜீப் டிரைவர் மொக்கையனாக ஒத்துக்கொண்டார். தோட்டத் துரைக்கு ஆள் கிடைக்காமல் பேங்க் மேனேஜரைப் பிடித்தாய். கொலைகாரனாக வர பரோட்டா மாஸ்டர் எவ்வளவு சந்தோஷப்பட்டார்! மீசையை முறுக்கிக் காட்டி, "நல்லாக் கொடூரமா வரைங்கண்ணே" என்றார்.

பிணத்துக்குத்தான் ஆள் இல்லை.

கேட்ட இடத்திலெல்லாம் அடிக்காத குறை. லாட்ஜ் கேஷியர், "பொணமாவா? எங்காத்தா கேட்டா வெளக்கமாத்த எடுத்துருவா" என்றார். பழைய ஸ்டோர் ஒன்றைப் பார்ப்பதற்காக மெட்டுக்கு மேலே போனோமே, அங்கே கதவு திறந்துவிட்ட காவல்காரர், கேரளத்தில் பாதி ஆயுசு கழிந்த தமிழர், அவரிடமும் கேட்டாய். அவர் இரண்டடி பின்னால் போனார். "அய்யோ சாரே, அது வேண்டா. கொலபாதகம் செஞ்சவனா வேணும்னா வரைஞ்சுக்கோ." இறங்கும்போது ஜீப்பில் நீ சொன்னாய்: "பாத்தியா மாப்ளே, கொல்றதுக்கு ஊரே ரெடியா இருக்கு. சாகறதுக்கு ஒரு பய இல்ல."

அப்புறம் ஒருநாள் கடை ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, ப்ளெக்ஸ் சுருள்களுக்கு நடுவே தரையில் நீயே மல்லாந்து படுத்தாய். போனை என்னிடம் கொடுத்தாய். நான் மேலேயிருந்து படம் எடுக்க எடுக்க உனக்குச் சிரிப்பு வந்தது. வயிறு குலுங்கியது. ஒருவழியாக அடக்கிக்கொண்ட நேரம் பார்த்து எடுத்த படம்தான் அட்டைக்கு வந்தது.

"வீட்ல செல்விகிட்டச் சொல்லிராத. புத்தகமா வந்தப்பறம் காட்டுவோம். அப்ப ரெண்டு அடிதேன் விழும்" என்றாய். நானும் தலையாட்டினேன்.

வரைந்து முடித்ததும் நமக்குள் சண்டை. பிணத்தின் உதட்டோரம் இறுகியிருக்கிறது, செத்தவன் வாய் அப்படி இருக்காது, தளர்ந்துதான் இருக்கும், திருத்து என்றேன். நீ கேட்கவில்லை. "ஊர்ல முக்காவாசிப் பேருக்குக் கண்ணீர் அஞ்சலி அடிச்சவன் நான். எனக்கே பொணம் சொல்லித் தர்றியா?"

"அதெல்லாம் உசிரோட இருக்கையில எடுத்த போட்டோ மாப்ளே. பொணத்த எங்க பாத்த?"

"பாத்தாப் போச்சு. வெரசாக் கதைய எழுதி முடி, அந்தச் சோலியப் பாரு."

சித்திரை முழுக்க இதே பேச்சு. நீ படத்தை அனுப்புவாய், நான் 'வாய்' என்று ஒற்றைச் சொல் பதில் போடுவேன். நீ கும்பிடு போடுகிற பொம்மையை அனுப்புவாய். ஒரு மாதம் முழுக்கத் தினமும் உன் செத்த முகத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருந்தேன் என்பது அப்போது எனக்கு உறைக்கவே இல்லை.

ஆவணி. கல்யாணப் பேனர்கள் குவிகிற மாதம். எவனோ ஒரு மணமகனின் முகத்தை வெளுப்பாக்கிக்கொண்டிருந்த நீ, நெஞ்சு வலிக்கிறது என்று நாற்காலியிலேயே சாய்ந்தாயாம். தேனி ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்வதற்குள் முடிந்துவிட்டது.

கண்ணாடிப் பெட்டியைச் சுற்றிப் பெண்கள் அழுதுகொண்டிருந்தார்கள். நான் போய் நின்று குனிந்து பார்த்தேன். உதட்டோரம் தளர்ந்திருந்தது. நான் சித்திரை முழுக்கக் கேட்டுக்கொண்டிருந்த வாய். சரியாக வந்துவிட்டது என்று நினைத்தேன். சத்தியமாக, வேறெதுவும் நினைக்கவில்லை. பிறகு போய் நாற்காலிகளை இறக்கி வரிசையாகப் போட்டேன். டீக்குச் சொன்னேன். உன் பேனரைப் பக்கத்துத் தெருக் கடையில் அடித்துவந்திருந்தார்கள். ஊரையே படம் பிடித்தவனுக்கு ஒரு நல்ல படம் இல்லை. லைசென்சில் இருந்ததை எடுத்துப் பெரிதாக்கியிருந்தார்கள். அதில் நீ போலீஸ் தேடுகிற ஆள் மாதிரி முறைத்துக்கொண்டிருந்தாய். அதைப் பார்த்து உன்னிடம் சொல்லிச் சிரிக்க வேண்டும் என்று திரும்பினேன். பெட்டிதான் இருந்தது. அப்போதும் எனக்கு அழுகை வரவில்லை. "கல்லுமாரி நிக்கான் பாரு" என்று யாரோ சொன்னது காதில் விழுந்தது. சரியாகத்தான் சொன்னார்கள்.

காரியமெல்லாம் முடிந்த பின் பதிப்பாளர் கூப்பிட்டார். நல்ல மனிதர், தயங்கித் தயங்கித்தான் பேசினார். பக்கங்களை எல்லாம் நீ முடித்துக் கொடுத்துவிட்டாய், கதைக்குக் குறையில்லை. அட்டைதான் சிக்கல். "நிஜமாவே இறந்தவர் முகம் சார். கடையில தொங்கறப்ப அந்த வீட்டுக்காரங்க பார்த்தா என்ன ஆகும்? முகத்தை மட்டும் கம்ப்யூட்டர்ல மாத்திருவோம்." வீட்டில் கேட்டுச் சொல்கிறேன் என்றேன். சொல்லிவிட்டேனே தவிர, எப்படிக் கேட்பது? ஏற்கெனவே டீக்கடையில் பேச்சு அடிபட்டுக்கொண்டிருந்தது. படம் வரைந்தது எப்படியோ வெளியே கசிந்து, "தன்னையே பொணமா வரைஞ்சான், அதேன் எமன் பாத்துட்டான்" என்று ஒருவர் என் முன்னாலேயே சொன்னார். கையிலிருந்த டீயை வைத்துவிட்டு எழுந்து வந்துவிட்டேன். அதே பேச்சு செல்வியின் காதுக்கும் போயிருந்தால்? அவளும் அதை நம்பிவிட்டால், அந்தப் படத்தை எடுத்த என்னை இனி அண்ணன் என்று கூப்பிடுவாளா?

உனக்குத் தெரியாது, உன் நாற்காலியில் இப்போது செல்விதான் உட்காருகிறாள். பக்கத்தில் நின்று பார்த்தே வேலையைப் பிடித்திருக்கிறாள், உன்னைவிட வேகம். நான் போனபோது ஒரு சடங்குப் பேனர் ஓடிக்கொண்டிருந்தது. பெண்ணின் அப்பா பெஞ்சில் காத்திருந்தார். நான் எதையும் சுற்றி வளைக்கவில்லை. அட்டைப்படம் கம்ப்யூட்டரில் எந்த இடத்தில் இருக்கிறது என்று சொன்னேன். திறந்தாள்.

நாற்காலியை இழுத்துத் திரைக்குக் கிட்டே போனாள்.

"இது எப்ப வரைஞ்சது?"

"சித்திரையில, தங்கச்சி."

"நல்லா இருக்கற மனுசன் தன்னையே பொணமா வரைவானா? நீங்களும் பக்கத்துல நின்னு பாத்துட்டா இருந்தீங்க?"

"வேற யாரும் பொணமா வர ஒத்துக்கல" என்றேன். எவ்வளவு கேவலமான பதில். ஆனால் உண்மை அதுதானே.

அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். எழுந்து போய்விடுவாள் என்று நினைத்தேன். போகவில்லை. மவுஸை உருட்டி உன் முகத்தைப் பெரிதாக்கினாள். இன்னும் பெரிதாக்கினாள். திரை முழுக்க உன் மூக்கும் வாயும் மட்டும். நான் சித்திரை முழுக்கக் குறை சொல்லிக்கொண்டிருந்த அதே உதட்டோரத்தில் அம்புக்குறியைக் கொண்டுபோய் நிறுத்தினாள்.

"அண்ணே, இது பொணம் இல்ல."

நான் குனிந்து திரையைப் பார்த்தேன்.

"காலையில எந்திரிச்சுப் போயி ஒரு பாக்கெட்டுப் பாலு வாங்கிட்டு வாங்கன்னா, இப்பிடித்தேன் கெடப்பாரு. தூங்குறாராம். இந்த வாயி காட்டிக் குடுத்துரும். விலாவுல ஒரு குத்து விட்டாத்தேன் சிரிச்சுக்கிட்டே எந்திரிப்பாரு." கண்ணைப் புறங்கையால் துடைத்துக்கொண்டாள். "அன்னைக்குப் பெட்டிக்குள்ள கெடந்ததுதேன் யாரோ. எனக்கு மனசே ஒட்டல. இது எங்க வீட்டுக்காரரு. இதுல ஒரு புள்ளி மாத்தக் கூடாது, சொல்லிருங்க."

பெஞ்சில் இருந்தவர் மெல்லச் செருமினார். அவள் உன்னைச் சுருக்கிக் கீழே வைத்துவிட்டு, "பாப்பா பேரு என்னன்னு சொன்னீங்க?" என்று அவரிடம் திரும்பினாள்.

அப்படியே அச்சுக்குப் போனது.

நேற்று விழா, பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் மாடி ஹாலில். முகம் கொடுத்தவர்கள் எல்லாரும் குடும்பத்தோடு வந்துவிட்டார்கள். பரோட்டா மாஸ்டர் புதுச்சட்டை போட்டு வாசலிலேயே நின்றுகொண்டு, வருகிறவர்களிடமெல்லாம் "கொலகாரன் நாந்தேன், கடைசிப் பக்கத்தப் பாருங்க" என்று சொல்லிவிட்டார். நமது சரித்திர மர்மத் தொடரின் முதல் மர்மம் படியேறுவதற்கு முன்பே போடி முழுக்க அம்பலமாகிவிட்டது. பதிப்பாளர் தலையில் கைவைத்து உட்கார்ந்தார். நீ இருந்திருந்தால் விழுந்து புரண்டு சிரித்திருப்பாய். எனக்கு, சிரிக்க வேண்டிய இடம் இது என்று தெரிந்தது, அவ்வளவுதான். முதல் பிரதியைச் செல்வி வாங்கினாள். அட்டையைப் பார்த்ததும் ஹாலில் சத்தம் அடங்கியது. அவள் புத்தகத்தை மடியில் வைத்து விழா முடிகிறவரை உதட்டோரத்தைக் கட்டைவிரலால் தடவிக்கொண்டிருந்தாள்.

படியிறங்கும்போதுதான் கேட்டாள்: "அடுத்த கதையில யாருண்ணே பொணம்?"

இரண்டாவது கதை எழுதிவிட்டேன். வரைய சின்னமனூரில் ஒரு பெண் ஒத்துக்கொண்டிருக்கிறாள். உன் வழக்கப்படியே முகங்களைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லியிருக்கிறாள். மற்ற எல்லாவற்றுக்கும் ஆள் தயார். பிணத்துக்கு வழக்கம்போல ஒருவரும் இல்லை. "நாந்தேன் வர்றேன்" என்றேன்.

இன்று காலை உன் கடையில், அதே சுருள்களுக்கு நடுவே, அதே தரையில் படுத்தேன். செல்வி போனோடு மேலே நின்றாள். கண்ணை மூடினேன். சிமெண்ட் சில்லென்று முதுகில் பட்டது. நீ இப்படித்தான் கிடந்தாய், நான் இப்படித்தான் மேலே நின்றிருந்தேன், உன் வயிறு குலுங்கியது என்று ஒவ்வொன்றாக வந்தது.

"அண்ணே, வாயத் தளத்துங்க."

தளர்த்தினேன். மறுபடி இறுகியது.

"சிரிக்கிறீங்களா?"

இல்லை என்று தலையாட்டினேன். வாயைத் திறந்தால் என்ன வெளியே வரும் என்று எனக்குத் தெரியவில்லை. நீ அன்று அடக்கியது சிரிப்பு. பெட்டிக்கு முன்னால் கல்லாக நின்றவனுக்கு, இத்தனை மாதம் கழித்து, உன் கடைத் தரையில், பிணமாக நடிக்கிறபோதுதான் அழுகை வருகிறது மாப்ளே. கண்ணோரம் காதுப் பக்கம் சூடாக வழிந்தது. செல்வி போய் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு வந்தாள். "கெடங்கண்ணே, கொஞ்ச நேரம் கெடங்க" என்றாள்.

எழுந்த பிறகு எடுத்த படங்களைக் காட்டினாள். ஒன்றில் கண்ணீர் தெரியவில்லை, முகம் நேராக இருக்கிறது. உதட்டோரம் மட்டும் இறுகியிருக்கிறது. செத்தவன் வாய் அப்படி இருக்காது. திருத்த வேண்டும் என்று எதுவும் சொல்லாமல் அதையே சின்னமனூருக்கு அனுப்பிவிட்டேன்.