உன் அம்மாவின் ஆட்டுத்தோலும் நூற்றுப்பத்தில் அடித்த காற்றும்

கூரிப்கா,
அக்டோபர் 12, ஞாயிறு, காலை 9.10.
பதினான்காவது ஓட்டம் முடிந்து அரை மணி நேரம் ஆகிறது.

அன்பு மகள் கிஸ்லானுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நானும் உன் அம்மாவும் உடம்புக்குக் குறையில்லாமல் இருக்கிறோம், அல்ஹம்துலில்லாஹ். நீ எப்படி இருக்கிறாய் என்பதை மழுப்பாமல் எழுது, போனில் நீ சொல்லும் "நல்லா இருக்கேன்" எனக்கு ஒரு தகவலும் தருவதில்லை. தினமும் பேசுகிறவர் எதற்குக் கடிதம் எழுதுகிறார் என்று நினைப்பாய். இந்த வீட்டில் போன் ஒலிபெருக்கியில்தான் பேசும், உன் அம்மா பக்கத்தில்தான் இருப்பாள். இதில் எழுதியிருப்பது அவள் காதில் விழக்கூடாத விஷயம், உன்னிடம் சொல்ல வேண்டாம் என்று என்னைக் கேட்டுக்கொண்டதும் அவள்தான். நான் எழுதுகிறேன், ஏன் என்று கடைசியில் புரியும்.

முதலில் என் தவறு. மூன்று வாரத்துக்கு முன் நீ தாஞ்சியரிலிருந்து வந்து வாசலில் வண்டியை நிறுத்தி, ஹெல்மெட்டைக் கழற்றிய கையோடு வாந்தி எடுத்தாய். நூறைத் தாண்டினால் தலையை யாரோ இரண்டு கையால் பிடித்து உலுக்குவது போல இருக்கிறது, கண் ஆடுகிறது, சாலைப் பலகையில் எழுத்து தெரியவில்லை, கூரிப்கா வெளிவழியையே தவறவிட்டு வாதி ஸெம் வரை போய்த் திரும்பினேன் என்றாய். உன் அம்மா அன்றைக்கே வண்டியை விற்றுவிட வேண்டும் என்று தீர்மானித்துவிட்டாள். நான் என்ன சொன்னேன் என்பது உனக்கு நினைவிருக்கும், எனக்கும் இருக்கிறது. கழுத்தில் வலு இல்லை, காலையில் சாப்பிடாமல் ஓட்டினால் இப்படித்தான் என்றேன். நீ வண்டியை இங்கேயே விட்டு ரயிலேறிப் போய்விட்டாய். அதற்குப் பிறகு வேலைக்குப் போகும் முன்பும் ஞாயிற்றுக்கிழமைகளிலும் பென் அஹ்மத் வரை நெடுஞ்சாலையில் போய்த் திரும்பி ஏழு முறை ஓட்டிப் பார்த்தேன். நூற்றுப்பத்து, நூற்றிருபது, ஒன்றுமே இல்லை, படுக்கையில் கிடப்பது போல அமைதி. அதை உன்னிடம் போனில் வேறு சொன்னேன், கொஞ்சம் சிரிப்போடு சொன்னேன். அந்த ஏழு ஓட்டமும் என் தலைக்கு ஓட்டியவை, உன் தலைக்கு அல்ல. பாஸ்பேட் உலர்த்தும் ஆலையில் பத்து வருடமாக விசிறியையும் காற்றுக் குழாயையும் பார்க்கிறவனுக்கு இது முதல் நாளே தோன்றியிருக்க வேண்டும். தோன்றவில்லை. மன்னித்துக்கொள்.

தோன்ற வைத்தது உன் மாமா புஷ்அய்ப்தான், அவருக்கு அது தெரியாது. விற்பதென்றால் ஆள் பிடித்துத் தருகிறேன் என்று வந்தவர், நான் வண்டியில் ஏறுவதைப் பார்த்துவிட்டு, "என்ன மாப்பிள்ள, கால் தரைக்கு எட்டுதா, இல்ல ஏணி கொண்டு வரட்டுமா? எங்க வீட்டுப் பொம்பளைங்க ஏறினா வண்டி சின்னதாத் தெரியும், நீங்க ஏறினா வண்டி மட்டுந்தான் தெரியுது"ன்னு பல்லைக் காட்டினார். எனக்கு இருபத்தைந்தும் உனக்குப் பதினொன்றும் இருந்தபோது நான் உன் அம்மாவைக் கட்டிக்கொண்டேன், அந்த நாளிலிருந்து என் உயரத்தை வைத்து அவர் அடிக்கும் கேலிக்கு நான் பதில் சொன்னதில்லை. அன்றைக்கு மட்டும் நன்றி என்றேன், அவர் முழித்தார். உட்கார்ந்த நிலையில் என் ஹெல்மெட் உச்சி சீட்டிலிருந்து எண்பத்துநான்கு சென்டிமீட்டர். நீ உன் அம்மா உயரம். முன்கண்ணாடியின் விளிம்பைத் தாண்டி வரும் காற்று நேராக வராது, உடைந்து சுழன்று வரும். அந்தச் சுழல் என் தலைக்கு மேலே போயிருக்கிறது, அதற்கடியில் நான் நிழலில் உட்கார்ந்தவன் போல ஓட்டியிருக்கிறேன்.

எட்டாவது ஓட்டத்துக்குப் பலகைத்துண்டும் மடித்த கம்பளியும் வைத்து என்னை உன் உயரத்துக்குத் தூக்கிக்கொண்டேன். பத்தே நிமிடம். பற்கள் ஒன்றோடொன்று அடித்துக்கொள்ளும்படி ஹெல்மெட் ஆடியது, பார்வை இரண்டாகியது, திரும்பி வரும்போது நீ தவறவிட்ட அதே பலகையை நானும் தவறவிட்டு வாதி ஸெம்மில் போய் இறங்கினேன். சுங்கச்சாவடிப் பெண் என்னை அடையாளம் வைத்திருக்கிறாள், "மறுபடியும் நீங்களா? வீட்ல எதையாவது மறந்து வச்சுட்டுத் திரும்பத் திரும்ப எடுக்கப் போறீங்களா?" என்றாள். ஓரமாக நிறுத்திக் குனிந்து நின்றேன். இந்த நிலையில் நீ நானூறு கிலோமீட்டர் வந்திருக்கிறாய், லாரிகளுக்கு நடுவில்.

அதற்குமேல் ஊகம் வேண்டாம் என்று அளந்தேன். உலர்ந்த நாணல் தட்டை ஒன்றை டேங்க்கின் மேல் செங்குத்தாகக் கட்டி, ஒவ்வொரு சென்டிமீட்டருக்கும் ஒன்றாகக் கம்பளி மயிர்க் கொத்து ஒட்டி, பக்கத்தில் போனைப் பூட்டிப் படம் எடுத்தபடி ஓட்டினேன். (மோதினால் தட்டைதான் உடையும், நீ பாடம் எடுக்க வேண்டாம்.) ஆலையில் காற்று எப்படி ஓடுகிறது என்று பார்க்க நாங்கள் நூல் கட்டுவோம், அதே வேலைதான். சுங்கச்சாவடியில் அந்தப் பெண் எட்டிப் பார்த்து "இன்னிக்கு ஆட்டையும் கூட்டிட்டு வந்துட்டீங்களா"ன்னு கேட்டாள். கம்பளி மயிர் எங்கே கிடைத்தது என்றால், உன் சீட்டில் கட்டியிருக்கிறதே அந்த ஆட்டுத்தோல், அதன் அடி ஓரத்தில் பிய்த்தேன். படத்தில் தெளிவாகத் தெரிந்தது. சீட்டிலிருந்து தொண்ணூறு சென்டிமீட்டர் வரை கொத்துகள் அசையாமல் தொங்குகின்றன, தொண்ணூற்றொன்றிலிருந்து பைத்தியம் பிடித்த மாதிரி வட்டமடிக்கின்றன. இனி உன் தலை எங்கே இருக்கிறது என்பது மட்டும் பாக்கி. அதற்கு உன் அம்மா வேண்டும்.

அவள் அந்த வண்டியைத் தொட்டதே இல்லை, உனக்குத் தெரியும். கேட்டதும், "விக்கப் போற வண்டிக்கு எதுக்கு அளவு? அதுக்கும் சட்டை தைக்கப் போறீங்களா?" என்றாள். பிறகு தோலின் ஓரத்தைப் பார்த்துவிட்டு ஒரு கத்தல், "போன வருசப் பெருநாளு ஆடுங்க அது! உப்பும் படிகாரமும் போட்டு மொட்ட மாடியில ஒம்பது நாளு காய வச்சேன், புள்ள குளிர்ல உக்காரக் கூடாதுன்னு ரெண்டு மடிப்பாத் தச்சேன், நீங்க கோழி மாதிரிப் புடுங்கி வச்சிருக்கீங்களே!" கத்தி முடித்து, ஜெல்லாபா அங்கியை முழங்கால்வரை சுருட்டிக்கொண்டு ஏறி உட்கார்ந்தாள், ஹெல்மெட் போட்டாள், முகமூடிக் கண்ணாடியையும் தானே இறக்கிவிட்டாள். வண்டியை நிமிர்த்திக் கட்டையில் நிறுத்தி, ஹெல்மெட் உச்சிக்கு நேராகச் சுவரில் சாக்கட்டியால் கோடு போட்டேன். தொண்ணூற்றைந்து. சந்தேகத்துக்குத் தோலைக் கழற்றிவிட்டு மறுபடி உட்கார வைத்தேன். தொண்ணூற்றொன்று. இரண்டு கோட்டையும் திரும்பிப் பார்த்து, "நடுவுல இருக்குறது என்னா?" என்று கேட்டாள். நாலு சென்டிமீட்டர் என்றேன். "அது தெரியுது, அது என்னான்னு கேக்குறேன்" என்றாள். ஆட்டுத்தோல் என்றேன். "அப்ப புள்ள வாந்தி எடுத்தது நான் தச்சதாலயா?" என்றாள். ஆமாம் என்றேன். அந்த ஆமாமை நான் கொஞ்சம் தள்ளிச் சொல்லியிருக்கலாம், அல்லது பாதியாகச் சொல்லியிருக்கலாம், எனக்கு அது வராது. ஹெல்மெட் வாரை அவிழ்க்கத் தெரியாமல் அப்படியே உட்கார்ந்திருந்தாள், நான்தான் அவிழ்த்தேன். கன்னம் ஈரமாக இருந்தது. "உள்ள வேர்க்குது" என்றாள்.

நான் வேறு வழி தேடாமல் இல்லை. உயரமான முன்கண்ணாடி ஒன்றை இரவல் வாங்கிப் போட்டுப் பார்த்தேன், பதினோராவது ஓட்டம். உலுக்கல் போனது, ஆனால் பக்கக் காற்றில் வண்டி பாய் கட்டிய படகு போலத் தள்ளாடியது, உங்கள் ஊரில் கிழக்கிலிருந்து அடிக்கும் ஷர்கிக் காற்றில் அது தற்கொலை. அடுத்து உன் கண்ணாடியின் நான்கு போல்ட்டுக்கும் அடியில் ரப்பர்த் துண்டு வைத்து, கீழே விரல் நுழையும் இடைவெளி விட்டேன். கீழே கொஞ்சம் காற்று புகுந்தால் பின்னால் உறிஞ்சுவது குறையும், சுழலும் மேலே போகும். போனது, ஒரே ஒரு சென்டிமீட்டர், இப்போது தொண்ணூற்றிரண்டில் தொடங்குகிறது. மறுநாள் காலை நான் எழுந்தபோது உன் அம்மா அடுப்படித் தரையில் துணி வெட்டும் கத்தரியோடு உட்கார்ந்து அந்தத் தோலை மழித்துக்கொண்டிருந்தாள், சுற்றிலும் கம்பளி மயிர். "இப்ப அளங்க" என்றாள். தொண்ணூற்று மூன்று. ஒரு சென்டிமீட்டர் அதிகம் என்றேன். "ஒண்ணுதானே, விட்டுடக் கூடாதா? உங்க வாயில என்னைக்காவது ‘சரி’ன்னு ஒரு சொல்லு வந்திருக்கா?" என்றாள். அதற்காகவே அந்த உயரத்தில் பதின்மூன்றாவது ஓட்டம் போனேன். முன்னைவிடப் பாதிதான் உலுக்கல், ஆனால் அரை மணி நேரத்தில் கண் மங்கியது. வந்து சொன்னேன். தோலை மடித்து அலமாரியில் வைத்தாள். இன்றைக்குத் தோல் இல்லாமல், பலகை வைத்து உன் தொண்ணூற்றொன்றில், நாற்பது நிமிடம் நூற்றுப்பத்தில் ஓட்டினேன். கூரிப்கா பலகையை ஒரு கிலோமீட்டர் முன்னாலேயே படித்தேன். அவ்வளவுதான் விஷயம்.

விஷயம் முடிந்தது, வீடு முடியவில்லை. வரும் வெள்ளிக்கிழமை புஷ்அய்ப் வாங்குகிறவரைக் கூட்டிக்கொண்டு வருவதாக இருந்தது. நேற்று அவரிடம் உன் அம்மா, கண்ணாடியில்தான் கோளாறு, என் வீட்டுக்காரர் சரி பண்ணிட்டார், விற்கவில்லை என்று சொல்லிவிட்டாள். அவருக்குக் கோபம், "நாளைக்குப் புள்ள ரோட்ல விழுந்தா கண்ணாடியா வந்து தூக்கும்?" என்று கத்திவிட்டுத் தேநீர் குடிக்காமல் போனார். அவர் போன பிறகு என்னிடம் சொன்னாள், "கிஸ்லான்கிட்டயும் கண்ணாடின்னே சொல்லுங்க. ஒவ்வொரு தடவ பேசும்போதும் தோலு மேலதானே உக்கார்றே, உக்கார்றேன்னு கேட்டவ நான். எப்படிச் சொல்வேன்?" நான் தலையாட்டினேன். ஆனால் நான் கண்ணாடி என்று சொன்னால் நீ என்ன செய்வாய்? குளிர் வந்ததும் அலமாரியிலிருக்கும் தோலைக் கேட்டு வாங்கிச் சீட்டில் கட்டுவாய், அம்மா சந்தோஷப்படுவாளே என்று கட்டுவாய். அதனால்தான் இந்தக் கடிதம். எக்காரணம் கொண்டும் அந்தச் சீட்டில் எதையும் போடாதே, தோலோ பஞ்சோ மெத்தையோ. உன் தலைக்கும் சுழலுக்கும் நடுவில் ஒரே ஒரு சென்டிமீட்டர்தான் இருக்கிறது. படித்ததும் இதைக் கிழித்துவிடு.

மற்றபடி ஆலையில் இரண்டாவது விசிறி மாற்றுகிறோம், வேலை அதிகம். உன் அம்மாவுக்கு முழங்கால் வலி பரவாயில்லை, ஒலிவக்காய் ஊறப்போட்டிருக்கிறாள், பாதி உனக்கு. உன் ஹெல்மெட்டும் ஒரு அளவு பெரியது, கன்னத்தில் இறுகாத ஹெல்மெட் தானே ஆடும், மாற்று. ஜாக்கெட் கழுத்துவரை ஜிப்பைப் போடு, கழுத்துத் துணியின் நுனியை உள்ளே செருகு. காதுக்கு அடைப்பான் வாங்கு, இரைச்சலே பாதிக் களைப்பு. மணிக்கு ஒரு முறை நிறுத்து. காலையில் சாப்பிட்டுவிட்டு ஏறு, அதை நான் இன்னமும் சொல்வேன்.

அல்லாஹ் உன் பாதையை நேராகவும் காற்றை லேசாகவும் ஆக்கட்டும். தொழுகையை விடாதே, அம்மா போன் செய்தால் முதல் மணியிலேயே எடு.

உன் சித்தப்பா,
அஸ்ஸெத்தீன்

இனி நான் செய்யப்போவது:

1. நாளைக் காலை இதைத் தபாலில் சேர்ப்பேன். வியாழனுக்குள் வந்துவிடும், கைக்கு வந்ததும் "எண்ணெய் மாத்திட்டீங்களா?" என்று போனில் கேள், புரிந்துகொள்வேன்.

2. செவ்வாயன்று ரப்பர்த் துண்டுகளை எடுத்துவிட்டு ஆலையில் கடைந்த அலுமினிய வளையம் போடுவேன், ரப்பர் வெயிலில் நசுங்கும்.

3. வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்து புஷ்அய்ப் வீட்டுக்குப் போய், அவர் குடிக்காமல் விட்ட தேநீரை அங்கே குடித்துவிட்டு வருவேன். உயரத்தைப் பற்றி எவ்வளவு வேண்டுமானாலும் பேசட்டும்.

4. சனிக்கிழமை காலை ஆறு மணிக்கு உன் வண்டியில் தாஞ்சியருக்குக் கிளம்புவேன், நூற்றுப்பத்துக்கு மேல் போகமாட்டேன். உன் அம்மா ரயிலில் வருகிறாள், ஒலிவக்காயும் மழித்த தோலும் அவள் பையில் இருக்கும். உன் அறை நாற்காலிக்குத்தான், வண்டியில் போட்டால் தாஞ்சியரில் திருடிவிடுவார்கள் என்பாள். சரி என்று வாங்கி நாற்காலியில் போடு.

5. சாவியை உன் கையில் கொடுக்கும்போது, எல்லாம் அந்தக் கண்ணாடியால் வந்தது என்று உன் அம்மா சொல்வாள். நான் சரி என்பேன்.