எதிர்ப்பு இல்லை என்று எழுதியவள்

மார்ச் 4
இந்நேரத்தில் விளக்கைப் போட்டு எழுதுவதற்கு மன்னித்துக்கொள், வினியானா. நீ தூங்கு. எழுதாவிட்டால் அம்மாவுக்குத் தூக்கம் வராது.

ராணுவப் பயிற்சிப் பள்ளிகளை வருங்காலத்துக்கேற்ப மாற்றியமைக்கும் குழுவில் நான் குறிப்பெடுப்பவள். இன்று போர்க்கள மருத்துவப் பள்ளி. பதினான்கு வாரப் படிப்பு இனி ஐந்தே வாரம், அதிலும் பாதி கணினித் திரையில். பள்ளியை மூடிவிடுவார்கள். "யாருக்காவது மறுப்பு உண்டா?" என்று நாலு தரம் கேட்டார் கர்னல். பயிற்றுநர்கள் ஆறு பேரும் பாயில் தலை குனிந்திருந்தார்கள். பிறகு உள்ளங்கை குவித்து, மரியாதைக்கு மெல்ல மூன்று கைத்தட்டு.

"எதிர்ப்பு இல்லை" என்று எழுதினேன்.

கர்னல் நம் குலத்தலைவர் வீட்டுப் பிள்ளை. அப்படிப்பட்டவர் முகத்துக்கு நேரே நம் தீவுக்காரர்கள் மாட்டேன் என்று சொல்வதில்லை. பேசாமல் இருந்தால் அதுதான் மாட்டேன். தெரிந்தும்தான் எழுதினேன். ஐந்து மணிக்குள் அறிக்கை போகவேண்டும், காப்பகம் மூடுவதற்குள் உன்னைத் தூக்கிவரவேண்டும் –

மார்ச் 6
உன் அப்பா வைசலேயின் ராணுவக் கம்பெனி ஏப்ரல் 18 பாலைவன அமைதிகாப்புப் பணிக்குப் புறப்படுகிறது. கூடப் போகும் மருத்துவ வீரர்கள் ஐந்து வாரப் படிப்போடு வரும் பிள்ளைகள்தானாம்.

"உங்க திரை வந்து என் காலுக்குக் கட்டுப் போடுமா?" என்று சிரிக்கிறான். கட்டிய கணவனை நானே –

மார்ச் 7
பயிற்றுநர்களில் மூத்தவர் அபெனிசா, அம்மா வழியில் எனக்கு மாமா முறை. போன் செய்தேன்.

"அன்னிக்கு ஏன் மாமா வாயே திறக்கல?"

"ஆறு பேரும் வாயை மூடிக்கிட்டு அவ்வளவு நேரம் சொன்னோமே. காலேஜ் படிச்ச காதுக்கு அது கேக்காதோ?"

"ஒரே ஒரு வரி எழுதிக் குடுங்க."

"கர்னல் எங்க தலைவர் வீட்டுப் பிள்ளை. என் கையால எழுத மாட்டேன். எழுதினவ நீ."

மார்ச் 8
வினியானா பால் குடிக்கிறாள். நான் அறிக்கையின் நகலை எடுத்து அந்த ஒரு வரியை மறுபடி படிக்கிறேன்.

மார்ச் 11
மன்னிப்புக் கேட்கும்போது முன்னால் வைக்கும் யங்கோனா வேர்க்கட்டோடு, தலைநகர் சுவாவின் மழையில் நனைந்தபடி கர்னல் வீட்டுக்குப் போனேன். அறிக்கையைத் திருத்தச் சொல்லிக் கேட்டு, வேர்க்கட்டை அவர் முன் வைத்தேன். தொட்டால் சம்மதம்.

"நாலு தரம் கேட்டேனேம்மா. ஒருத்தனும் பேசலையே."

"நீங்க கேட்டதாலதான் சார் பேசல."

வேர்க்கட்டை அவர் தொடவில்லை.

ரத்தத்தை நிறுத்தத் தெரியாத ஒரு பையன் வைசலே பக்கத்துல நின்னு முழிச்சா? – ஐயோ, இதை எழுத மாட்டேன்.

மார்ச் 13
காலையில் அமைச்சருக்குக் கடிதம் கொடுத்தேன். மாலையில் என் அலுவலக அட்டையை வாங்கிக்கொண்டார்கள். கடிதத்தின் நகல்:

"ஐயா, மருத்துவப் பள்ளி அறிக்கையில் 'எதிர்ப்பு இல்லை' என்ற வரி பொய். யாரும் அப்படிச் சொல்லவில்லை; பேசாமல் இருந்ததுதான் அவர்கள் மறுப்பு. எழுதியது நான். என் கணவர் பாலைவனப் பணிக்குப் போகும் கம்பெனியில் இருக்கிறார், அதையும் மறைக்கவில்லை. பழைய படிப்பை முழுதாக முடித்தவர்களை அவர்களோடு அனுப்புங்கள். ஏப்ரல் 18 விமானம். தயவுசெய்து சீக்கிரம் பதில் எழுதுங்கள்."