ஆறாம் வகுப்புப் பஞ்சாயத்து

5-8-96, திங்கள்

பாளையங்கோட்டையில் மூன்று நாள் பயிற்சி முடிந்தது. பிள்ளைகள் சண்டையை அடிக்காமல் தீர்ப்பது எப்படி என்று சொல்லிக்கொடுத்தார்கள். தலைமையாசிரியர் எலியேசர் சார் என்னை அனுப்பியபோது சொன்ன காரணம்: "சாரம்மாள் டீச்சர், நம்ம ஸ்கூல்ல உங்களுக்குத்தான் கோவம் ஜாஸ்தி. நீங்களே போயிட்டு வாங்க."

வாய்க்கொழுப்பு! ஆனால் பொய் இல்லை.

சண்டை போட்டவர்கள் ஒருவர் பக்கத்தை மற்றவர் சொல்ல வேண்டும். கேட்கிறவர்கள் தீர்ப்புச் சொல்லக்கூடாது. டீச்சர் குறுக்கே பேசக்கூடாது. மூன்றாவதுதான் எனக்குக் கஷ்டம்.

6-8-96

ஆறாம் வகுப்பில் அன்னத்தாய் சபீதாவின் கையைக் கடித்துவிட்டாள். பல் தடம் அப்படியே நிற்கிறது. அடிக்கக் கை ஓங்கிவிட்டு, ஏன் என்று கேட்டேன். "பக்கத்துல உக்காந்தா பீடி நாத்தம் அடிக்குன்னு சொல்லுதா டீச்சர்." பெஞ்சை விட்டுப் பிரியாத இரண்டு பேர்! அன்னத்தாய் வீட்டில் தாயும் மகளும் பீடி சுற்றித்தான் அடுப்பு எரிகிறது.

நாளைக்குப் புது முறையில் தீர்த்துவைக்கிறேன்.

7-8-96

கெடுத்தேன். எல்லாவற்றையும் கெடுத்தேன்.

பயிற்சியில் சொன்னபடி கடைசி பெஞ்சில் போய் உட்கார்ந்து வாயைத் திறக்காமல் இருந்தேன். இந்தப் பிள்ளைகளுக்கு வழக்குப் பேசத் தெரிந்த முறை ஒன்றுதான் — ஊர்ப் பஞ்சாயத்து. குருபிரசாத் என் நாற்காலியில் ஏறி உட்கார்ந்தான். எவனோ அவன் தோளில் துண்டு போட்டான். நான் சிரித்தேன். தாங்களாகவே நடத்துகிறார்களே என்று பெருமை வேறு!

"கடிச்சது தப்பு. சபீதா கால்ல விழுந்து மன்னிப்புக் கேளு."

வகுப்பே "விழு, விழு" என்று கத்தியது. நான் எழுந்து ஓடி வருவதற்குள் அன்னத்தாய் விழுந்துவிட்டாள். பையைக்கூட எடுக்காமல் வெளியே ஓடினாள்.

சபீதா சொன்ன சொல்லைப் பற்றி ஒருத்தரும் கேட்கவில்லை. நானாவது கேட்டேனா?

9-8-96

இரண்டு நாளாக அன்னத்தாய் வரவில்லை.

10-8-96, சனி

அன்னத்தாய் விட்டுப்போன பையை எடுத்துக்கொண்டு அவள் வீட்டுக்குப் போனேன். அவள் அம்மா உச்சிமாகாளி சொளவு முறத்தை மடியில் வைத்துப் பீடி சுற்றிக்கொண்டிருந்தாள். மகள் பக்கத்தில் கத்தரியால் பீடி இலை வெட்டினாள், நிமிரவேயில்லை.

"இனி அனுப்பல டீச்சர். இங்கனயே இருந்து சுத்தட்டும்."

எனக்குச் சுர்ரென்று ஏறியது. "பிள்ளை படிப்பக் கெடுக்கியளே, உங்களுக்கே நல்லாருக்கா?" என்று சத்தம் போட்டேன்.

அவள் பதிலுக்குச் சத்தம் போடவில்லை. "ஒங்க மவளா இருந்தா கால்ல விழ விட்டிருப்பியளா?"

பஸ் ஏறி வந்துவிட்டேன். மூன்று நாள் பயிற்சியாம். தூ!

12-8-96

மறுபடி போனேன். இன்றைக்குக் கேட்க மட்டும் செய்தேன். உச்சிமாகாளிதான் சொன்னாள்: அன்னத்தாய் தினமும் பள்ளிக்கூடம் வருமுன் கையை மூன்று தடவை சோப்புப் போட்டுக் கழுவுவாளாம். சண்டையன்றும் கழுவிவிட்டுத்தான் வந்தாளாம்.

அன்னத்தாய் பக்கம் திரும்பி, "ஏட்டி, தப்பு என் மேலதான். பாத்துக்கிட்டு இருந்தேன், நிறுத்தல. என்னைய மன்னிச்சுரு" என்றேன்.

அவள் கத்தரி நிற்கவில்லை. உச்சிமாகாளி மட்டும் ஒரு தம்ளர் காப்பி கொடுத்தாள்.

13-8-96

வகுப்பிலும் அதையே சொன்னேன். குருபிரசாத் அழுதுவிட்டான். நாற்காலியைக் கொடுத்தது நான்தானே, அவனை என்ன சொல்ல? சபீதா மட்டும் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இந்தப் பிள்ளைக்கு மனசே இல்லையா என்று கோபம் வந்தது.

20-8-96

அன்னத்தாய் இன்னும் வரவில்லை. இனி வரமாட்டாளோ?

26-8-96, திங்கள்

அன்னத்தாய் வந்துவிட்டாள்! கூடவே அவள் அம்மா. பத்தடி பின்னால் சபீதா.

உச்சிமாகாளிக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "இந்தப் பிள்ளை ஒரு வாரமா சாயங்காலம் எங்க வீட்டுல வந்து உக்காந்து இலை வெட்டுது டீச்சர். பாதி இலையக் கெடுத்துப்போட்டுது. வாயே தொறக்கல. எந்திச்சுப் போடின்னாலும் போகமாட்டேங்கு. நேத்து இவளாவே, நாளைக்கு ஸ்கூலுக்குப் போறேன்னுட்டா."

சபீதாவைத் தனியே கூப்பிட்டு, பழம் விட்டாச்சா என்று கேட்டேன்.

"இல்ல டீச்சர், கா தான். அவ வராட்டா நான் யாருகூட கா விட?"

புத்தி சொல்ல வாய் துறுதுறுத்தது. மூடிக்கொண்டேன். இரண்டு பேரும் பழைய பெஞ்சிலேயே, நடுவில் ஒரு பையை வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்கள்.

மத்தியானம் கணக்குப் பாடத்தின்போது பார்த்தேன். பை கீழே இருந்தது.